பெர்லின் நீலம் துருவமானின் வயிற்றுக்கு வந்த கதை

வீட்டு வரைபடத்தை ‘புளூபிரின்ட்’ என்கிறோமே, அந்த நீலம் பிறந்தது ஒரு கலப்படத்தில். 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு நிறம் எடுக்க முனைந்தார். டிப்பல் என்ற ரசவாதியிடம் வாங்கிய பொட்டாஷில் விலங்கு ரத்தத்தின் கழிவு கலந்திருந்ததாம். திரண்டு வந்தது அடர்நீலம்.

செய்முறை சில காலம் வியாபார ரகசியமாக இருந்தது. 1724இல் லண்டனில் அது அச்சேறியதும் ஆளாளுக்குக் காய்ச்சத் தொடங்கினார்கள். கப்பலேறி ஜப்பான் போன நீலம் 1831 வாக்கில் ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ ஓவியத்தில் புரண்டது. 1842இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் வெயிலைக்கொண்டு அதைக் காகிதத்தில் பதியவைத்தார். புளூபிரின்ட் வந்தது அப்படித்தான்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றேறிய கதிரியக்கச் சீசியம்-137 மழையோடு ஸ்வீடனிலும் நார்வேயிலும் இறங்கியது. அங்கே துருவமான்களின் குளிர்காலத் தீனி லைக்கன்; நம் மசாலாவில் சேரும் கல்பாசியும் அந்த வகைதான். வேரில்லாத லைக்கன், காற்றும் மழையும் கொண்டுவருவதை உறிஞ்சியே வாழும். சீசியமோ பொட்டாசியத்தின் போலி. உடல் ஏமாந்து அதைத் தசையில் சேர்த்துக்கொள்ளும். மந்தையே வாழ்வான, சாமி என்ற இனத்தவர், அறுத்த மான்களை உண்ணவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவித்தார்கள். அந்த நவம்பரில் நார்வே, மான் இறைச்சியின் கதிரியக்கத்துக்குக் கிலோவுக்கு 600 பெக்கரல் என்றிருந்த வரம்பை 6,000 ஆக்கியது. மேய்ச்சல் வாழ்வு அழியாமலிருக்க வேறு வழி தெரியவில்லை.

இங்கேதான் பழைய சாயம் மருந்தாகத் திரும்புகிறது. அதன் படிகக் கூட்டுக்குள் சிக்கிய சீசியம் ரத்தத்தில் கலக்காமல் சாணத்தோடு போய்விடும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியை உடைத்ததால் சிதறிய சீசியம் உடலில் புகுந்தவர்களுக்கும் இதையே கொடுத்தார்கள். நார்வேயில் துருவமான்களுக்கு உப்புக் கட்டியில் கலந்து நக்கவைத்தார்கள், உருண்டையாக்கியும் விழுங்கவைத்தார்கள்.

மேய்ப்பவர் உள்ள விலங்குக்குத்தான் இதை ஒழுங்காகப் புகட்ட முடியும். ஜெர்மனியின் பவேரியக் காட்டுப்பன்றிக்கு மேய்ப்பவர் இல்லை; அது மண்ணுக்கடியில் விளையும் மான் ட்ரஃபிள் என்ற பூஞ்சையைத் தோண்டித் தின்கிறது. மண்ணில் மெல்ல மெல்லக் கீழிறங்கும் சீசியம் அந்தப் பூஞ்சையில் சேர்கிறது. அதனால் அங்குள்ள மான்களின் இறைச்சி தேறிவந்தும் பன்றியின் இறைச்சி தேறவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சீசியத்தில் கணிசமான பங்கு செர்னோபிலுக்கு முந்தைய அணுகுண்டுச் சோதனைகளுடையது என்று காட்டியது.