கொசுறும் பேரேடும்: கூடுதல் மதிப்பெண்ணின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கீரை வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாக விழுகிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதினால் அது விலைக்குள் வந்துவிடும். கொடுக்கிறவர் மனசு, வாங்குகிறவரோடு உள்ள பழக்கம், அன்றைய யாவாரம் ஆகியவைதான் கொசுறின் அளவைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க வகுப்பறையிலும் இப்படி ஒரு கொசுறு உண்டு. ‘எக்ஸ்ட்ரா கிரெடிட்’ என்பார்கள். பாடத்திட்டம் கேட்காத வேலை ஒன்றைச் செய்து காட்டிய மாணவருக்கு, வாங்கிய மார்க்குக்கு மேல் ஆசிரியர் சேர்த்துப் போடுவது. வாத்தியாரின் நோட்டு ஓரத்தில் பென்சில் கிறுக்கலாகக் கிடந்த இந்தக் கொசுறை மின்னணு மதிப்பெண் பேரேட்டில் எப்படி ஏற்றுவது? குமாஸ்தா சமாச்சாரம் மாதிரித்தான் தெரியும். ஆனால் சலுகை ஒன்று தனியாகத் தெரியும்படி எழுதப்படுகிறதா, மொத்தத்தில் கரைக்கப்படுகிறதா என்பது அதிகாரம் குறித்த கேள்வி.

தமிழில் ஆசிரியருக்குக் கணக்காயர் என்றொரு பழைய பெயர் உண்டு. நக்கீரரை மதுரைக் கணக்காயனார் மகனார் என்கிறோம். அந்தக் ‘கணக்கு’ நூலையும் எழுத்தையும் குறிப்பது. பதினெண்கீழ்க்கணக்கில் வருகிற கணக்கு. கூட்டிக் கழிக்கிற பொருளில் ஆசிரியர் கணக்காயர் ஆனது வேறொரு கதை. அமெரிக்காவில் அதன் தொடக்கங்களில் ஒன்றாக 1785ஐச் சொல்வார்கள். யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் அந்த ஆண்டு தன் நாட்குறிப்பில், தேர்வுக்கு வந்த 58 மாணவர்களை 20, 16, 12, 10 என நான்கு தரமாகப் பிரித்து எழுதிவைத்தார். அதில் எண் ஆட்களை எண்ணியதே தவிர, ஆளையே எண்ணாக மாற்றிவிடவில்லை.

சன்மானத்தை அச்சிட்டுக் கொடுக்கும் பழக்கத்தின் பாதை சென்னையைத் தொட்டுப் போகிறது. எழும்பூர் ராணுவ ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தி, 1797இல் லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று அதற்குப் பேரே நிலைத்துவிட்டது. இதையொத்த முறையை லண்டனில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குச் சீட்டுகள் கொடுத்தார். சேர்த்த சீட்டுகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். 1806இல் நியூயார்க்கின் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிக்கு இந்த முறை போய்ச் சேர்ந்தது. பாராட்டு என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் சேமிக்கவும் மாற்றவும் கூடிய நாணயமாக மாறிய இடம் இது. கூட்டத்தை அடுக்கி, கண்காணித்து, ஒவ்வொருவர் மீதும் ஒரு பதிவேட்டைத் திறக்கிற அந்தப் பள்ளியைத் தண்டனையின் வரலாற்றோடு சேர்த்து ஃபூக்கோ 1975இல் வாசித்தது தற்செயல் இல்லை.

அடுத்தது ஹார்வர்ட். 1829 முதல் 1845 வரை அதன் தலைவராயிருந்த ஜோசையா குவின்ஸி, அன்றாட ஒப்பித்தலுக்கு எட்டுப் புள்ளிவரை போடும் தர அளவுகோலைக் கொண்டுவந்தார். காலை ஜெபத்துக்கு வராதவனுக்கு அதே கணக்கில் கழிவு. கிரேக்கம் தெரிந்ததும் கோயிலுக்குப் போகாததும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்தன. 1869இல் தலைவரான சார்லஸ் எலியட் காலத்தில்தான் ஒழுக்கக் கழிவு படிப்புத் தரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இந்தப் பிரிப்பை நாம் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். எண் எதைச் சொல்கிறது என்று கேட்பதற்கு, அதில் எது கலந்திருக்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டுமில்லையா?

‘கிரெடிட்’ என்ற சொல்லே வணிகப் பேரேட்டின் வரவுப் பக்கத்துச் சொல். பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்து ‘அலகு’ ஆக்கும் ஏற்பாட்டை, 1905இல் நிறுவப்பட்ட கார்னகி அறக்கட்டளை பரவச் செய்தது. ஒரு பாடத்தில் 120 மணி நேரம் ஓர் அலகு. பேராசிரியர்களுக்கு அது தந்த ஓய்வூதியத்தில் சேர விரும்பிய கல்லூரிகள், மாணவர் சேர்க்கைக்கு இந்த அலகுகளைக் கேட்டாக வேண்டும். பேரேடு என்று ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி தேவைப்படுகிறது, கொசுறுக்கும்கூட.

இனி மின்னணுப் பேரேடு. ஒரு மாணவி 100க்கு 82 எடுத்திருக்கிறாள். கூடுதல் வேலைக்கு 5 போட நினைக்கிறார் ஆசிரியர். அதைச் சாதாரணப் பணி மாதிரி ‘5க்கு 5’ என்று ஏற்றினால் 105க்கு 87, ஏறக்குறைய 82.9 விழுக்காடு. கொடுத்தது 5, சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. அந்த வேலையைச் செய்யாத, அதே 82 எடுத்த இன்னொருத்தி 105க்கு 82 ஆகி 78.1க்கு இறங்கிவிடுகிறாள். விருப்பப் பணி என்று சொல்லிவிட்டு அபராதம்! இதைத் தவிர்க்க கேன்வாஸ் போன்ற மென்பொருளில் அந்தப் பணியின் உச்ச மதிப்பெண்ணைப் பூஜ்யம் என்று வைக்கிறார்கள். பூஜ்யத்துக்கு 5. கணக்கு வாத்தியார் முகம் சுளிப்பார். ஆனால் பகுதி 100ஆகவே நிற்க, தொகுதி மட்டும் 87 ஆகிறது. கொசுறு என்பதற்கு இதைவிட நேர்மையான சமன்பாடு கிடையாது: எதிர்பார்த்தது ஒன்றுமில்லை, கொடுத்தது ஐந்து.

சிக்கல் இதோடு தீரவில்லை. வகைக்கு ஓர் எடை உண்டு. மொத்தம் 50 புள்ளிகள் உள்ள, 10 விழுக்காடு எடை கொண்ட வீட்டுப்பாட வகையில் அந்த 5ஐப் போட்டால் இறுதி மதிப்பு 1 விழுக்காடு கூடும். 100 புள்ளிகளும் 60 விழுக்காடு எடையும் உள்ள தேர்வு வகையில் போட்டால் 3. அதே உழைப்பு, அதே எண், மும்மடங்கு விலை. ஆஸ்திரேலியாவில் தொடங்கி 2002இல் முதல் பதிப்பாக வந்த மூடில் மென்பொருளில் கூடுதல் மதிப்பெண்ணுக்கென்றே ஒரு குறியீட்டுக் கட்டம் உண்டு. ஆனால் மதிப்பெண் உச்சவரம்பைத் தாண்ட அனுமதிக்கும் சாவி தள நிர்வாகி கையில். பென்சில் காலத்தில் வாத்தியாரிடம் இருந்த உரிமையின் ஒரு பகுதி, வகுப்பறைக்குள் கால் வைக்காத ஒருவரிடம் போய்விட்டது.

அதற்காகப் பென்சில் காலம் பொற்காலம் என்று புலம்ப வேண்டியதில்லை. கொசுறு யாருக்கு விழுந்தது? அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தால் மார்க், வகுப்புக்குக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி கொண்டுவந்தால் மார்க் என்று அமெரிக்க ஆசிரியர்கள் கொடுத்திருக்கிறார்கள். கார் வைத்திருக்கும் அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கும். சாயங்காலம் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைக்குக் கிடைக்காது. ஜோ ஃபெல்ட்மன் 2018இல் வெளியிட்ட நூலில் கூடுதல் மதிப்பெண்ணையே எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், உளவியல் துறைகளில் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்க மாணவர்களுக்கு இந்த மதிப்பெண்தான் கூலி. விருப்பம் என்கிற பேரில் நிர்ப்பந்தம் வந்துவிடும் என்பதால், பங்கேற்க மறுப்பவருக்குச் சமமான மாற்றுப்பணி தர வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது.

கரைத்துவிட்ட சலுகை என்ன செய்யும் என்பதை நாம் 2024இல் பார்த்தோம். நீட் தேர்வில் நேரம் இழந்ததாகச் சொல்லப்பட்ட 1563 பேருக்கு ஈட்டு மதிப்பெண் மொத்தத்தோடு சேர்க்கப்பட்டது. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்கிற கணக்கில் 720க்கு அடுத்தது 716தான். 719ம் 718ம் வரவே முடியாது. வந்தன. அந்த வரமுடியாத எண்கள்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. ஜூன் 13 அன்று அந்த மதிப்பெண்கள் ரத்தாகும் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது. எண் அசிங்கமாக வந்ததால் பிடிபட்டது. அழகாக 716 என்று வந்திருந்தால்?

ஆகவே கூடுதல் மதிப்பெண் கூடாது என்று தடைபோடுவது விடையாகாது. விதிக்குள் அடங்காத ஒரு பிள்ளையின் உழைப்பைப் பார்த்து ‘இதுக்கும் ஒரு மதிப்பு உண்டு’ என்று சொல்கிற கடைசி இடம் அது. தனி வரியில், இன்ன காரணத்துக்கு, இன்ன எடையில், எல்லோருக்கும் வாய்ப்பிருந்ததா என்கிற கேள்விக்குப் பதிலோடு அது எழுதப்பட வேண்டும். எழுதிய கொசுறு கொசுறாக மிஞ்சாதுதான். ஆனால் எழுதாத கொசுறு பெரும்பாலும் பழக்கப்பட்டவர் பையிலேயே விழுகிறது. ஏற்கனவே கறிவேப்பிலைச் செடி இருக்கிற வீட்டுக்கே மறுபடியும் ஒரு கொத்து.