என்.சி.யும் டூ-கேயும்: மலைநாட்டு ஈரத்தில் இரண்டு வாகனப் பெயின்ட்கள்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வண்டியைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் கராஜில் முதலில் எழும் கேள்வி, "என்.சி.யா, டூ-கேயா?" என்பதுதான். கேட்பவர் மனதிலும் சொல்பவர் மனதிலும் அப்போது ஓடுவது விலைக் கணக்கு. என்.சி. மலிவு, டூ-கே விலை கூடியது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கும் நுவரெலியா போன்ற ஓர் ஊரில் விலையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. இங்குள்ள ஈரமும் குளிரும் இரண்டு பெயின்ட்களையும் வேறு வேறு விதமாகச் சோதிக்கின்றன. அடிக்கிறவரின் நுரையீரலையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

இந்தக் கேள்வி அண்மைய ஆண்டுகளில் கூடுதல் முக்கியம் பெற்றிருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஓட்டோ, கொழுந்து லொறி, பாடசாலை வேன் எல்லாம் டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துத்தான் ஓடின. நல்ல பெயின்ட் தகட்டைத் துருவிலிருந்து காக்கிறது. மலைநாட்டு மழையில் அழகுக்கு முன்னால் அதுதான் அதன் வேலை.

இயல்பு

என்.சி. என்பது நைட்ரோசெலுலோஸ் லெக்கர். 1923இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனம் இதை ‘டூகோ’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லன்ட் கார்களின் 1924 மாடலுக்கு அதை அடித்தது. அதற்கு முன் பூசிய வார்னிஷ் காய்வதற்காகக் கார்கள் தொழிற்சாலையில் வாரக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. லெக்கர் அதைச் சில நாள்களாகச் சுருக்கியது.

டூ-கே இரண்டு கூறுகள் கொண்டது: பெயின்ட் அல்லது கிளியர் ஒரு டின்னில், ஹார்ட்னர் இன்னொரு டின்னில். இதன் அடிப்படையான பொலியூரித்தேன் இரசாயனத்தை 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் கண்டறிந்தார். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். இரண்டையும் நிறுவனம் சொன்ன அளவில், பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று அல்லது நான்குக்கு ஒன்று என்று, கலந்த உடனேயே தாக்கம் தொடங்கிவிடும். அதன் பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும்.

லெக்கர் காய்வதென்றால் தின்னர் ஆவியாகிப் போவது மட்டுமே. டூ-கே காய்வதோ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து புதுப் பொருளாவது. வெல்லம் மறுபடி உருகும், வெந்த முட்டை மறுபடி பச்சையாகாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு அடிப்படையானது. பல ஆண்டுகள் கழித்துத் தின்னர் பட்டாலும் லெக்கர் இளகும். டூ-கே பெற்றோலுக்குக்கூட அசையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லாம் பிறக்கின்றன.

ஈரம்

பெயின்ட் அடிப்பவர்களிடையே ஒரு பொது விதி உண்டு: தகட்டின் வெப்பநிலை, காற்றின் பனிபடுநிலையை விட குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள கொழும்புப் பகலில் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. தேவையான இடைவெளி தாராளமாக இருக்கிறது. நுவரெலியாவில் 16 பாகையும் 90 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு காலையை எடுத்துக்கொண்டால் பனிபடுநிலை 14 பாகையைத் தாண்டி நிற்கும். இடைவெளி 2 பாகை கூட இல்லை. தகட்டைச் சூடாக்காமல் அந்தக் காலையில் எந்தப் பெயின்ட்டையும் விதிப்படி அடிக்க முடியாது.

விதியை மீறினால் இரண்டும் வேறு விதமாகத் தண்டிக்கின்றன. லெக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு இன்னும் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் ஈரப் பெயின்ட்டிலேயே படிந்து, கறுப்புக் கதவும் சாம்பல் பூத்தது போல வெளிறிப்போகும். கண்ணில் உடனே படும் குறை இது. மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மேலே ஒரு மெல்லிய பூச்சு விட்டால் லெக்கர் இளகி, ஈரம் வெளியேறி, நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

டூ-கேயில் நடப்பது மறைவானது. ஐசோசயனேட் தண்ணீரோடும் தாக்கம் புரியும். அப்போது காபனீரொட்சைட்டு வாயு உண்டாகும். பூச்சுக்குள் நுண்ணிய குமிழிகள் தங்கும், பளபளப்பு சில நாள்களில் மங்கும், பெயின்ட்டோடு சேர வேண்டிய ஹார்ட்னரின் ஒரு பகுதி தண்ணீருக்கே செலவாகிவிடும். அடித்த மாலையில் கண்ணாடி போல இருந்த பூச்சு பிறகு ஏமாற்றும். அதை இளக்கித் திருத்த வழியில்லை. உரசி எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். மூடி சரியாகப் போடாத ஹார்ட்னர் டின் கூட மலைக்காற்றின் ஈரத்தில் கலங்கிக் கெட்டுவிடும்.

இரண்டுக்கும் பொதுவான ஈரவாசல்கள் இரண்டு. ஒன்று கொம்பிரசர்: அதன் தாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் அது ஸ்ப்ரே கன் வழியாகத் தகட்டுக்கு வரும். மற்றது பட்டி: தண்ணீர் போட்டு உரசிய பட்டி ஈரத்தைக் குடித்துவைத்திருக்கும். அது காயுமுன் மேலே எதை அடித்தாலும் பிறகு கொப்புளம் வரும்.

குளிர்

குளிரில் லெக்கருக்கு அனுகூலம் உண்டு. சில நிமிடங்களில் தூசி ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். மழை இடைவிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு பொனட்டை அடித்து முடிக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளைப் பக்கம் ஓயாமல் பெய்யும்போது, கூரை மட்டும் உள்ள சிறு கராஜ்களில் என்.சி. நிலைத்திருப்பதற்கு இது வலுவான காரணம்.

டூ-கேக்கு வெப்பம் வேண்டும். சூடாக்கும் பூத்தில் தகடு 60 பாகையில் 30 நிமிடம் இருந்தால் வேலை முடிந்தது. 20 பாகையில் ஓர் இரவு போதும். பொதுவாக வெப்பநிலை 10 பாகை குறைந்தால் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி படியும் நுவரெலியா இரவில் திறந்த கொட்டகையில் விட்ட டூ-கே பூச்சு மறுநாளும் இளகலாகவே இருக்கும். தூசி, பூச்சி, பனித்துளி எல்லாம் அதில் பதியும். மழை குறைந்த மாதம் என்பதால் அது பெயின்ட்டுக்கு ஏற்ற மாதம் ஆகிவிடாது.

உழைப்பும் அழகும்

லெக்கர் மெல்லிய பூச்சு. ஆறு, எட்டு முறை அடித்து, இடையிடையே தண்ணீர்ப் பேப்பரால் உரசி, கடைசியில் கட் அண்ட் பொலிஷ் போட்டால்தான் மினுக்கம் வரும். அந்த மினுக்கம் மென்மையானது. பழைய மொரிஸ் மைனரின் வளைவுகளுக்கு அது தனி அழகு தரும். புதுப்பூச்சு பழைய பூச்சில் கரைந்து சேர்வதால் கீறல் விழுந்த ஓரிடத்தை மட்டும் திருத்துவதும் எளிது. ஆனால் வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கும்போது அது வெளிறும், வெடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பொலிஷ் கேட்கும்.

டூ-கே இரண்டு, மூன்று பூச்சில் கனத்த படலம் தரும். கன்னிலிருந்து வந்தபடியே பளபளக்கும். பல ஆண்டு மழையைத் தாங்கும். ஓட்டோக்காரர்கள் விரும்பும் வர்ண வேலைகளிலும் அதன் பலம் தெரியும். வெள்ளி அடிப்பூச்சின் மேல் நிறமேற்றிய கிளியரை அடுக்கும் கேன்டி வேலையிலும், பேர்ல் வேலையிலும், ஏர்பிரஷ் ஓவியத்திலும் ஆழம் தோன்றுவது மேலிருக்கும் கனத்த கிளியரால்தான். குறை, ஓரிடத்தைத் திருத்துவதில் இருக்கிறது. விளிம்பு தெரியாமல் சேர்ப்பது கடினம். பெரும்பாலும் முழுக் கதவையும் கிளியர் அடிக்க நேரும்.

பல கராஜ்கள் இடைவழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன: நிறத்துக்கு என்.சி., மேலே டூ-கே கிளியர். செலவு குறையும், மினுக்கமும் வரும். ஆனால் குளிரில் லெக்கரின் தின்னர் முழுதாக வெளியேற நேரமாகும். அவசரப்பட்டுக் கிளியரை மூடினால் உள்ளே சிக்கிய தின்னர் பிறகு சுருக்கமாகவும் குமிழியாகவும் வெளிவரும். சமவெளியில் போதும் என்று நினைக்கும் காத்திருப்பு இங்கே போதாது.

மூச்சு

வண்டியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் டூ-கே வென்றுவிடும். அடிக்கிறவரை வைத்துப் பார்க்கும்போது தராசு மாறுகிறது. லெக்கரும் தீங்கற்றதல்ல: தின்னரின் ஆவி தலைசுற்ற வைக்கும், நைட்ரோசெலுலோஸ் எளிதில் தீப்பற்றும். ஆனால் தின்னரின் நெடி எச்சரிக்கிறது. ஐசோசயனேட் மூடுபனிக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. கண்ணுக்கும் பெரும்பாலும் தெரியாது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும்; அத்தோடு அவர் அந்தத் தொழிலையே விட நேரும். பிரித்தானியாவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு, உழைக்கும் மக்களின் பொது நிலையை விட வாகனப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா அபாயம் ஏறத்தாழ 80 மடங்கு என்று கூறியிருக்கிறது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியைத்தான் அது வலியுறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், பயிற்சி பெறாதவர் இவ்வகைப் பொருளைத் தொழிலில் கையாள முடியாது.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு டூ-கே அடிக்கும் இளைஞர்களை மலைநாட்டுக் கராஜ்களில் காண்கிறோம். தோட்டத்து வேலையை விட்டுக் கைத்தொழிலைத் தேடி வந்தவர்கள் பலர். கைக்குட்டை இந்த மூடுபனியைத் தடுக்காது.

தீர்ப்பு

மூடிய இடம், சூடாக்கும் விளக்கு, காற்று தரும் முகமூடி மூன்றும் இருந்தால் மலைநாட்டு வண்டிக்கு டூ-கேயே சிறந்தது. முகமூடி இல்லாத இடத்தில் டூ-கே அடிக்கவே கூடாது. மற்ற இரண்டும் இல்லாத இடத்தில் கவனமாக அடித்த என்.சி., அரைகுறையாக உலர்ந்த டூ-கேயை விட நேர்மையான வேலை. பழைய கார்களின் மீட்புக்கும் சிறு திருத்தங்களுக்கும் அது என்றும் தகுதியானது.

ஆனால் வசதியில்லை என்பதற்காகச் சிறு கராஜ்கள் என்றென்றைக்கும் என்.சி.யோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கராஜும் தனித்தனியே பூத் கட்டுவது கட்டுப்படியாகாது. ஒரு நகரின் கராஜ்காரர்கள் சேர்ந்து ஒரு பூத் அமைத்து முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கணக்காக அனுபவத்தால் கற்ற பெயின்ட் பாஸ்மாருக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வாய்ப்பு இலங்கையில் ஏற்கெனவே உண்டு. அந்த மதிப்பீட்டோடு ஐசோசயனேட் பாதுகாப்புப் பயிற்சியையும் இணைக்க வேண்டும். முகமூடியின் செலவு பெயின்ட் டின்னின் விலையைப் போலவே மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாக வரட்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள், அந்தப் பளபளப்பில் ஊர்வலம் வரும் வண்டிக்காரர்களாகிய நாம்தான்.