சர்க்கரைச் சங்கிலியை மடித்த கதை

சோறும் விறகும் உறவினர் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். இரண்டிலும் பெரும்பங்கு குளுக்கோஸ் சர்க்கரையின் நெடுஞ்சங்கிலியே. கண்ணிகளைக் கோக்கும் விதம் மட்டுமே வேறு. ஒரு விதமாகக் கோத்தால் சங்கிலி சுருள்கிறது, அது மாவுச்சத்து. மறுவிதமாகக் கோத்தால் நிமிர்ந்து நின்று, அண்டைச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் தானாகவே சேர்ந்து அடுக்காகிறது, அது செல்லுலோஸ். ஃபிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் 1838-இல் இதைத் தனிப்பொருளாக இனங்கண்டார்.

தாவரம் செய்யும் இந்தக் கோப்பை மனிதனால் செய்ய முடியுமா? எமில் ஃபிஷர் 1890-இல் குளுக்கோஸை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டினார்; அதன் ஆடிப் பிம்பமான வடிவத்தையும் ஆக்கினார். 1902-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆனால் கண்ணியைச் செய்வது வேறு, சங்கிலியைக் கோப்பது வேறு. அமினோ அமிலங்கள் ஒரே வகைப் பிணைப்பால் சேர்ந்து புரதமாகின்றன. சர்க்கரை அப்படியல்ல. ஒரு குளுக்கோஸ் அடுத்ததன் நான்கு இடங்களில் எதையும் பற்றலாம்; ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில் பற்றலாம். வேண்டாத இடங்களை மூடிவைத்து, வேண்டியதை மட்டும் திறந்தாக வேண்டும்.

ஆகவேதான், புரதத் துண்டுகளைத் திண்மத் தாங்கியின்மீது வரிசையாகக் கோக்கும் முறையை மெரிஃபீல்ட் 1963-இல் வெளியிட்ட பின்னும், சர்க்கரைக்கு அத்தகைய தானியங்கி இயந்திரம் வாய்க்க 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. அதை அமைத்தது பீட்டர் சீபெர்கரின் குழு. 2020-இல் அவர்கள் நூறு கண்ணிகள் கொண்ட சங்கிலியை எட்டினர்.

கோக்கத் தெரிந்தபின், வடிவமைக்க முடியுமா என்ற வினா எழுந்தது. ஜெர்மனியின் பாட்ஸ்டாமில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், மார்ட்டினா டெல்பியான்கோவின் குழு செல்லுலோஸின் சிறு துண்டுகளைத் துல்லியமாக ஆக்கியது. அவை தாமாகவே மெல்லிய தகடுகளாயின. தகடுகள் திருகிய கட்டுகளாயின. 2022-இல் வெளியான அந்த ஆய்வில், திருகின் திசையைச் சர்க்கரையின் இடவல அமைப்பே தீர்மானித்தது தெரிந்தது. சங்கிலியின் முனையை மட்டும் மாற்றினாலும் திருகு மாறியது. ஃபிஷரின் ஆடிப் பிம்பம் இங்கே ஒரு கருவியாயிற்று.

சர்க்கரைச் சங்கிலிகள் நெகிழ்ந்து துவள்பவை, புரதம்போல் மடியாதவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2023-இல் அதே குழு, இரு செல்லுலோஸ் இழைகளை ஒரு விறைப்பான திருப்பத்தால் இணைத்து, கொண்டை ஊசிபோல் மடியும் மூலக்கூறை ஆக்கியது. இயற்கையில் காணப்படாத மடிப்பு அது.

இவ்வாறு கிடைப்பவை மில்லிகிராம் அளவுகளே. மரத்துக்கும் பருத்திக்கும் மாற்றாகா. ஆயினும், எந்தக் கண்ணி எந்த வடிவத்தைத் தருகிறது என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அறியும் வழி இப்போது திறந்திருக்கிறது. பஞ்சையும் மரக்கூழையும் எத்தனை காலம் பிரித்தாலும் நமக்கு இது கிட்டியிராது.