சரவுண்ட் ஒலி அமைப்புகள்

சரவுண்ட் ஒலி அமைப்பு என்பது, பதிவிலுள்ள ஒலித்தடங்களில் எதை எந்த ஸ்பீக்கருக்கு, எவ்வளவு சத்தத்தில், எத்தனை மில்லிசெகண்ட் தாமதித்து அனுப்புவது என்று, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவருக்குச் சொல்லும் ஏற்பாடு. 5.1 என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, இடியும் வெடியும் இறங்கும் சப்வூஃபர். 5.1.2 என்று இருந்தால் தலைக்கு மேலிருந்து ஒலிக்க இன்னும் இரண்டு. சரவுண்ட் ஒலி வடிவங்களில், டால்பி டிஜிட்டல் திரையரங்குகளுக்கு 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடும், டிடிஎஸ் மறு ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடும் வந்தன. தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் 2012இல் ‘பிரேவ்’ படத்தில் அறிமுகமானது. அதே ஆண்டு இறுதியில் ‘சிவாஜி 3டி’ அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

ரிமோட்டில் பத்துப் பன்னிரண்டு மோட்கள் இருக்கும். பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம். பதிவில் எத்தனை தடமோ அத்தனையையே ஒலிக்கவிடும் ‘டைரக்ட்’ அல்லது ‘ஆட்டோ’ போதும். இரண்டு தடத்தில் பதிவான பழைய பாட்டுக்கு ‘ஸ்டீரியோ’தான் பொருத்தம். ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’வில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே பாட்டைப் பாடும், விருந்தினர் நிறைந்த கூடத்துக்குச் சரி, படத்துக்கு ஆகாது. ‘ஸ்டேடியம்’, ‘ஹால்’ போன்றவை செயற்கை எதிரொலியைச் சேர்ப்பதால், சமையலறை வசனமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் சரவுண்ட் வரவில்லை என்றால், ரிசீவரைக் குறைசொல்லுமுன் டிவியின் ஒலி மெனுவைப் பார்க்க வேண்டும். டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் இணைப்பில் ‘பிசிஎம்’ என்று வைத்தால் இரண்டு தடம்தான் போய்ச் சேரும். மீதியை ரிசீவர் ஊகித்து நிரப்பினால்தான் உண்டு. ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றினால், டால்பி டிஜிட்டலில் பதிவான படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் அந்தப் பெயரே தெரியும்.

அடுத்தது தூரம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து ரிசீவருக்குக் கொடுத்தால், எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். பக்க ஸ்பீக்கர்களின் இடம், காதுக்குச் சற்றே பின்னால். சிறிய ஸ்பீக்கர்களுக்கு கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். அதற்குக் கீழுள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும்.

வசனம் புரியவில்லை என்பதுதான் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருவதால், மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல் அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தலாம். குழந்தை தூங்கும் வீட்டில் ‘நைட் மோட்’ வெடிச்சத்தத்தை அடக்கி, பேச்சைத் தூக்கிக்கொடுக்கும்.

தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவரே மைக் மூலம் அளந்துகொள்ளும் வசதி இருந்தால், மைக்கை உட்காருபவரின் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். சோபாவை இடம் மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.