வேர் சிகிச்சை: பல்லைப் பிடுங்குவதா, காப்பதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானில் ஒரு நாள் தராவீஹ் தொழுகை முடிந்து எழுந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒரு பக்கம் முகமே வீங்கியிருந்தது. "ஹஜ்ரத், நோன்போடு பல்லுக்கு ஊசி போடலாமா?" என்பதுதான் அவர் கேள்வி. விசாரித்தபோது கதை நீண்டது. ஒரு மாதத்துக்கு முன்பே கடைவாய்ப் பல்லில் கடும் வலி. மருத்துவர் வேர் சிகிச்சை செய்யச் சொன்னார். "வேர் சிகிச்சை செய்தால் கேன்சர் வரும்" என்று உறவினர் ஒருவர் தடுத்தார். "மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும்" என்று இன்னொருவர் பயமுறுத்தினார். மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கினார். ஒரு வாரத்தில் வலி நின்றது. "குணமாகிவிட்டது" என்று இருந்துவிட்டார்.

வலி நின்றதற்குக் காரணம் குணம் அல்ல. பல்லின் உயிர் போனதுதான் காரணம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் பற்களை இழக்கிறார்கள். அதனால் வேர் சிகிச்சை பற்றி நூறாண்டுக்கும் மேலாக நடந்துள்ள ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல் வெறும் எலும்புத் துண்டு போலத் தெரிந்தாலும் அதற்குள் உயிர் இருக்கிறது. வெளியே எனாமல் என்ற கடினமான உறை, அதற்குள் டென்டின், நடுவில் பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த இந்தக் கூழ், வேர்களுக்குள் செல்லும் மெல்லிய கால்வாய்கள் வழியாகத் தாடையோடு இணைந்திருக்கிறது.

சொத்தை ஆழமாகும்போது கிருமிகள் கூழை நெருங்குகின்றன. கூழ் வீங்கப் பார்க்கிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. இரவில் படுத்தால் விண் விண் என்று தெறிக்கும் வலி இதனால்தான். கூழ் இறந்ததும் வலி அடங்கிவிடும். ஆனால் இறந்த கூழில் கிருமிகள் பெருகி, வேரின் நுனி வழியாக வெளியேறி, தாடை எலும்பை அரிக்கத் தொடங்கும். அந்த நிலைதான் பின்னர் சீழாகவும் வீக்கமாகவும் வெளிப்படுகிறது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

"வேர் சிகிச்சை செய்த பல் உடலுக்கே விஷம்" என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அழுகிய பற்களின் மேல் தங்கம் பூசி மூடும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். வாயில் உள்ள கிருமிகளே மூட்டுவலி முதல் பல நோய்களுக்கும் காரணம் என்ற கொள்கை அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1920-களில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துச் சோதனைகள் செய்து இக்கொள்கையை வலியுறுத்தினார். விளைவாக, இலட்சக்கணக்கான நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன.

ஆனால் பல்லைப் பிடுங்கியவர்களின் மூட்டுவலி போகவில்லை. 1938-இல் செசில், ஆஞ்சவின் என்ற இரு மருத்துவர்கள், 200 முடக்குவாத நோயாளிகளை ஆராய்ந்து, பற்களையும் டான்சிலையும் அகற்றியதால் நோய் குணமானதற்குச் சான்றில்லை என்று வெளியிட்டார்கள். பிரைஸின் சோதனைகளைப் பிறர் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. அவர் பயன்படுத்திய கிருமிகளின் அளவும், தூய்மையின்மையும் குறையாகச் சுட்டப்பட்டன.

மருத்துவம் கைவிட்ட அந்தக் கொள்கைதான் 2018-இல் 'ரூட் காஸ்' என்ற ஆவணப்படமாக மீண்டும் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2019-இல் அதை நீக்கிவிட்டது. படம் போனாலும் அதிலிருந்து எடுத்த துண்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வேர் சிகிச்சை புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆய்வுச் சான்று எதுவும் இல்லை. மேல் பல்லுக்கும் கண் பார்வைக்கும் முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். கண்ணின் பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு.

எலிகள் சொன்ன சாட்சி

கூழ் சாவதற்குக் காரணம் கிருமியா, அல்லது காயமே போதுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் 1965-இல் கிடைத்தது. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், எந்தக் கிருமியும் இல்லாத சூழலில் வளர்த்த எலிகளையும் சாதாரண எலிகளையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வகை எலிகளின் பற்களிலும் துளையிட்டு, கூழ் வெளியே தெரியும்படி அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியற்ற எலிகளுக்கோ, உணவுத் துகள்கள் உள்ளே அடைந்திருந்தபோதும், கூழ் தானே ஆறிப் புதிய டென்டின் சுவரைக் கட்டிக்கொண்டது.

1976-இல் ஸ்வீடனின் சுண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் மனிதப் பற்களில் இதை உறுதி செய்தார். அடிபட்டுக் கூழ் இறந்த, ஆனால் வெளியே உடையாத 32 பற்களை ஆராய்ந்தார். அவற்றில் 19 பற்களில் வேர் நுனியில் எலும்பு அரித்திருந்தது. அந்த 19-இல் 18 பற்களுக்குள் கிருமிகள் இருந்தன. எனவே வேர் சிகிச்சையின் நோக்கம் வலியை நிறுத்துவது மட்டுமல்ல. கிருமிகளை வெளியேற்றி, மீண்டும் நுழையாமல் அடைப்பதே நோக்கம்.

சிகிச்சையில் என்ன நடக்கிறது?

முதலில் மரத்துப்போகும் ஊசி. பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய திரையைக் கட்டுகிறார்கள். எச்சிலில் உள்ள கிருமிகள் பல்லுக்குள் போகாமலும், மருந்தும் கருவிகளும் தொண்டைக்குள் போகாமலும் அது காக்கிறது. அடுத்து, பல்லின் மேலிருந்து வழி திறந்து, ஃபைல் எனப்படும் மெல்லிய கருவிகளால் கால்வாய்களைச் சுத்தம் செய்கிறார்கள். 1988-க்குப் பிறகு நிக்கல்-டைட்டானியக் கலவையில் வளைந்து கொடுக்கும் ஃபைல்கள் வந்ததால் வளைந்த வேர்களையும் சுத்தம் செய்வது எளிதாயிற்று.

கருவி தொடாத மூலைகள் எப்போதும் இருக்கும். அங்கே வேலை செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். முதல் உலகப் போரில் படைவீரர்களின் புண்களைக் கழுவப் பயன்பட்ட அதே மருந்து. 1980-களில் ஸ்வீடனில் செய்த ஆய்வுகள், வெறும் உப்புநீரால் கழுவியதை விட இதனால் கழுவிய பற்களில் கிருமிகள் வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. கடைசியாக, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் இருந்து எடுக்கும் பொருளால் கால்வாய் அடைக்கப்படுகிறது. இது மலாயாப் பகுதியின் மரம். பெயரும் மலாய்மொழிப் பெயர்தான்.

எத்தனை பற்கள் பிழைக்கின்றன?

ஸ்வீடனில் ஷோக்ரென் குழுவினர் 356 நோயாளிகளை 8 முதல் 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு அரிக்கும் முன்பே சிகிச்சை செய்த பற்களில் 96 சதவீதத்துக்கு மேல் வெற்றி. எலும்பு அரித்த பின் செய்தவற்றில் 86 சதவீதம். ஒருமுறை செய்து தோற்று, எலும்பு அரிப்போடு மறுபடியும் செய்தவற்றில் 62 சதவீதம். இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள். "வலி நின்றுவிட்டதே" என்று தள்ளிப்போடுபவர் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்குகிறார். அவசரமாக, அரைகுறையாகச் செய்துகொள்பவர் மூன்றாம் படிக்கு வந்து நிற்கிறார்.

அதே குழு 1997-இல் இன்னொன்றையும் காட்டியது. அடைக்கும் நேரத்தில் கிருமி இல்லாதிருந்த பற்களில் 94 சதவீதம் ஆறின. கிருமி மிச்சமிருந்தவற்றில் 68 சதவீதம்தான் ஆறின.

2004-இல் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு சுமார் 14 இலட்சத்து 60 ஆயிரம் பற்களை ஆராய்ந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. இது பல் வாயில் தங்கியதைக் காட்டும் கணக்கு. உள்ளே முழுதாக ஆறியதா என்பதை எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிடுங்க நேர்ந்த பற்களில் 85 சதவீதத்துக்கு முழுமையான கேப் போடப்பட்டிருக்கவில்லை.

நம்மவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான். வலி போனதும், "கேப் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். 2002-இல் வந்த ஆய்வு ஒன்றில், கேப் போடாத பற்கள் போட்ட பற்களை விட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. 1995-இல் ரே, ட்ரோப் என்ற இருவர் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேருக்குள் அடைப்பதைப் போலவே மேலே மூடுவதும் முக்கியம் என்று காட்டினார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுக் கூரை போடாமல் விட்டால் மழைக்கு நிற்குமா?

ஒரே நாளிலா, பல நாட்களிலா?

"பணம் பிடுங்கவே நாலு தடவை வரச் சொல்கிறார்" என்று சிலர் குறைப்படுவதுண்டு. "ஒரே நாளில் முடிப்பது ஏமாற்று" என்று வேறு சிலர் சொல்வதுண்டு. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, நீண்ட கால வெற்றியில் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இருப்பதாகச் சான்றில்லை என்கிறது. ஒரே நாளில் முடித்தவர்களுக்கு முதல் சில நாட்களில் வலி சற்று அதிகமாக இருக்கலாம். அவ்வளவுதான். எது பொருத்தம் என்பதைப் பல்லின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மாத்திரையால் ஆறுமா?

ஆறாது. கூழ் அழற்சியால் வரும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்கவில்லை என்பதே இதுவரை நடந்த சோதனையின் முடிவு. கூழ் இறந்துவிட்டால் அங்கே இரத்த ஓட்டமே இல்லை. பிறகு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? காய்ச்சலோ, பரவும் வீக்கமோ இருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்போதும் அது சிகிச்சைக்குத் துணைதானே தவிர, சிகிச்சைக்கு மாற்று அல்ல. தேவையின்றி விழுங்குவதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன. நாளை நம் பிள்ளைக்கு நிமோனியா வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

முழு வேர் சிகிச்சை இல்லாமலும் காக்கலாம்

ஈரானில் பிறந்த மஹ்மூத் தோராபிநெஜாத் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் 1990-களில் எம்டிஏ என்ற மருந்துச் சிமெண்டை உருவாக்கினார். வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்டின் இனத்தைச் சேர்ந்தது இது. இவ்வகைச் சிமெண்ட் வந்த பிறகு, மேல் பகுதியில் கெட்ட கூழை மட்டும் அகற்றி, வேரில் உள்ள கூழை உயிரோடு காப்பது சாத்தியமாயிற்று. ஈரானில் 407 பேரிடம் பல மையங்களில் நடந்த சோதனையில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்த முறை வேர் சிகிச்சைக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. கூழ் உயிரோடு இருக்கும்போதே போனால்தான் இந்த வாய்ப்பு கிடைக்கும். வேர் முழுதாக வளராத சிறுவர்களின் பற்களுக்கு இது பெரிய வரம்.

நோன்பின்போது?

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பல் அடைப்பதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும் நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உணவாக அமையாத ஊசிகளும் நோன்பை முறிக்காது என்றே அது கூறியது. வேர் சிகிச்சையும் இதே வகையில் வருவதுதான். இருந்தாலும் தண்ணீர் அதிகம் பயன்படுவதால், தள்ளிப்போட முடிந்தால் இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்வது பேணுதல். ஐயமிருந்தால் உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். தள்ளிப்போட முடியாத நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களா செய்யும் சலுகை இருக்கவே இருக்கிறது. நோன்பைக் காரணம் காட்டி நோயை முற்றவிடுவதை மார்க்கம் கேட்கவில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- இந்தப் பல்லில் கூழ் உயிரோடு இருக்கிறதா? எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிகிறதா?
- ரப்பர் டேம் பயன்படுத்துவீர்களா?
- கேப் தேவையா? அதையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
- மறு எக்ஸ்ரேக்கு எப்போது வர வேண்டும்?

சர்க்கரை நோய், இதயக் கோளாறு, கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை ஆகியவை இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செலவு தாங்காதவர்கள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களை நாடலாம்.

தாடைக்கடியில் அல்லது கழுத்தில் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், கடும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அந்தப் பெரியவரை அன்றிரவே அவர் மகன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சீழை வடித்து, ஆளைக் காப்பாற்றினார்கள். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மாதம் முன்பு போயிருந்தால் 96 சதவீத வரிசையில் நின்றிருப்பார். இன்றும் என்னைப் பார்த்தால் அந்த வெற்றிடத்தை நாக்கால் தொட்டுக் காட்டி, "மத்தவங்களுக்குச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்பார். சொல்லிவிட்டேன்.