உயிலில் இருந்த பெண்

எங்கள் பாட்டி பைராம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்ன கதைகளில் தொரை வருவார், கிராணி வருவார், கங்காணி வருவார். தொரசாணி எப்போதாவது பங்களா வாசல்வரை வந்து போவார், அவ்வளவுதான். தோட்டத்துக்கே ஒரு பெண் சொந்தக்காரியாக இருக்க முடியுமா என்ற கேள்வி அந்தக் கதைகளில் எழுந்ததே இல்லை. ஆனால் பினாங்கின் தோட்ட வரலாறு தொடங்கும் இடத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் மார்ட்டினா ரோசெல்ஸ்.

1786இல் பினாங்கில் ஆங்கிலக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டுடன் 1772 முதல் வாழ்ந்தவர் அவர். பிள்ளைகளும் பெற்றார்கள். தேவாலயத்தில் திருமணம் நடந்ததற்கான பதிவு மட்டும் கிடையாது. 1794இல் லைட் இறந்தபோது, சஃபோக் என்ற இடத்திலிருந்த மிளகுத் தோட்டத்தையும் வீட்டையும் உயிலில் மார்ட்டினாவுக்கு எழுதி வைத்திருந்தார். காகிதத்தில் அவர் ஒரு தோட்ட முதலாளி. ஆனால் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லைட்டின் வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட், வில்லியம் ஃபேர்லி ஆகியோரிடம் இருந்தது. சஃபோக் அந்தக் குடும்பத்திடம் நிலைக்கவில்லை. பிற்பாடு அது பினாங்கு ஆளுநராக இருந்த பிலிப்ஸின் மாளிகையாக அறியப்பட்டது. மகன் வில்லியம் லைட் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்துப் பெயர் பெற்றார். தாயின் குரல் எந்த ஏட்டிலும் நேராகக் கேட்பதில்லை.

இதே காலத்து இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் எலைசா லூக்கஸ் பிங்க்னி பதினாறு பதினேழு வயதிலேயே தந்தையின் மூன்று தோட்டங்களை நிர்வகித்தார். 1740களில் அங்கே அவுரியை லாபகரமான பயிராக்கினார். 1793இல் இறந்தார். தான் எழுதிய கடிதங்களுக்குப் படி எடுத்து வைத்ததால் இன்றும் வரலாற்றில் பேசுகிறார். தந்தை துணைநிலை ஆளுநர், கணவர் வழக்கறிஞர். சட்டம் அறிந்த மணவாழ்வு அவருடையது. ஆசியப் பெண்ணான மார்ட்டினாவுக்கு அந்தக் காப்பு எதுவும் இல்லை.

ஆனால் எலைசாவைப் பெண் சாதனையாளர் என்று கொண்டாடி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. அவுரியை விதைத்து, அறுத்து, தொட்டியில் ஊறவைத்துக் கடைந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். சாயத்தொழில் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மார்ட்டினா காலத்துப் பினாங்கிலும் அடிமை முறை இருந்தது. முதலாளி பெண் என்பதால் தோட்டத்தின் கணக்கு மாறிவிடுவதில்லை.

அந்தக் கணக்குதான் பின்னர் செபராங் பிறைக்கும் வந்தது. 1840களில் கரும்புத் தோட்டங்கள் பெருக, தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1910இல் அந்த முறை முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மரம் வெட்டி, மங்கு துடைத்துப் பால் சேர்த்த வேலை இருவருக்கும் ஒன்றுதான்.

எலைசாவுக்குக் கடிதங்கள் இருக்கின்றன, மார்ட்டினாவுக்கு ஓர் உயில் இருக்கிறது. நம் பெண்களுக்கு மிஞ்சியது செக்ரோலில் ஒரு வரி. பினாங்குத் தோட்டங்களின் வரலாற்றைப் பெண்களிடமிருந்து எழுதத் தொடங்கினால், பங்களாவில் அல்ல, குறைக்கப்பட்ட அந்தப் பத்துக் காசில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.