உடலும் உள்ளமும் ஒரே நூலில்

உடலில் காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் அச்சம் குடிகொண்டால் ஈமானின் குறை என்கிறோம். பருவமெய்திய மகள், தான் பருத்துவிட்டதாக எண்ணிச் சோற்றை ஒதுக்கினால் பிடிவாதம் என்று கடிந்துகொள்கிறோம். அவள் எலும்பும் தோலுமான பின் கண்ணேறு என்றும் ஜின் கோளாறு என்றும் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். இதுவே நம் முன்னோர் காட்டிய வழி என்று எண்ணுவோரும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ. இளமையில் இராக் சென்று தத்துவ மேதை அல்-கிந்தீயிடம் பயின்றார். நிலநூலிலும் வல்லவரான அவர், ஹிஜ்ரி 322-இல், அதாவது கி.பி. 934-இல் மறைந்தார். அவர் இயற்றிய அரபு நூல்களுள் ஒன்று ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’. உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் என்பது அப்பெயரின் கருத்து.

முதற் பகுதி உணவு, நீர், உறக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றைப் பேசுகிறது. இரண்டாம் பகுதி எட்டு இயல்களில் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றை ஆராய்கிறது. உடல் நோயுற்றால் உள்ளம் வாடும். உள்ளம் நோயுற்றால் உடலும் நலியும் என்று கண்ட பல்கீ, உடலை மட்டுமே கவனித்த தம் காலத்து மருத்துவர்களைக் குறை கூறினார். உடல்நோய் சில வராமலே ஒருவர் வாழ்ந்து முடிக்கலாம். துயரும் அச்சமும் தீண்டாத மனிதர் இல்லை என்றார். எனவே அவற்றை வெட்கத்திற்குரியனவாக அவர் கருதவில்லை. வஸ்வாஸிலும் தன் உடலைப் பற்றிய அச்சமே மிகக் கொடியது என்றும், தனிமையும் சோம்பலும் அதனை வளர்க்கும் என்றும் எச்சரித்தார். நோய்க்கு மருந்தை முன்கூட்டியே சேமித்து வைப்பதுபோல், மனம் தெளிந்திருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார்.

இந்நூலின் கையெழுத்துப் படிகள் இஸ்தான்புல் ஆயா ஸோஃபியா நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. 1984-இல் பிராங்பர்ட்டில் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ, உள்ளம் பற்றிய பகுதியை 2013-இல் ஆங்கிலத்தில் தந்தார்.

உணவை வெறுக்கும் நோயைப் பல்கீ தனியே பெயரிட்டு எழுதவில்லை. 1689-இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், உண்ணாது மெலிந்த இளம்பெண் ஒருத்தியின் நோய்க்கு மனக்கவலையே வேர் என்று எழுதினார். அவளோ மருந்தை மறுத்து மாண்டாள். 1873-இல் பாரிஸில் லசேக், லண்டனில் வில்லியம் கல் ஆகிய இருவரும் இந்நோயை விளக்கினர். கல் அதற்கு இட்ட பெயரே ‘அனோரெக்சியா நெர்வோசா’. பசியின்மை என்று அப்பெயர் பொருள்படினும், பெரும்பாலும் பசி சாவதில்லை. பருத்துவிடுவோம் என்ற பேரச்சம் பசியை அடக்குகிறது. உயிரைக் கவரும் மனநோய்களில் இது முன்வரிசையில் நிற்பது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

இத்தகையோரைப் பராமரிக்க உறவினர் ஏற்றவரல்லர் என்று கருதினார் கல். நூறாண்டுக்குப் பின் அக்கருத்து மாறியது. இளவயதில் நோயுற்று, அது முற்றுமுன் வந்தவர்களுக்குக் குடும்பத்தாரையும் துணை சேர்க்கும் சிகிச்சை மிகுந்த பயன் தருவதை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை அறிஞர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குற்றம் சாட்டும் தாய் தந்தையரல்லர், அருகமர்ந்து ஊட்டும் தாய் தந்தையரே மருந்தாகின்றனர்.

ரமளானில் நமக்கு இன்னும் விழிப்பு வேண்டும். உணவுக்கு அஞ்சும் பிள்ளைக்கு நோன்பே மறைவிடமாகிவிடக்கூடும். நோயாளிக்குரிய சலுகையைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயமே வழங்கியிருக்கிறது. மருத்துவர் சொன்னதை ஆலிமிடம் எடுத்துரைத்து அச்சலுகையைப் பெறுவது இழிவன்று.

துஆவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. துஆவுக்கு உயர்த்திய கையால் பிள்ளையின் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். “இன்னும் ஏன் உண்ணவில்லை?” என்று அதட்டுமுன், “எதற்கு அஞ்சுகிறாய், மகளே?” என்று கேளுங்கள். ஆயிரமாண்டுக்கு முன் உடலையும் உள்ளத்தையும் ஒரே நூலில் வைத்த பல்கீயின் வழி அதுவே.